கொம்பு குட்டையான நீள்கொம்பு வண்டு: டெல்டா கொல்லைகளில் அபோமெசினாவை அடையாளம் காண

சுரை, புடலை, பரங்கிக் கொடிகளின் தண்டுக்குள் வளரும் ஒரு சின்ன வண்டைப் பற்றிய பக்கம் இது. அபோமெசினா என்பது அதன் பேரினப் பெயர். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துக் கொல்லைகளில் இதைத் தேடித் திரியும்போதும், பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டும்போதும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

பார்க்க எப்படி இருக்கும்?

ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளம். உருளையான உடம்பு, மங்கிய பழுப்பு நிறம். கெட்டியான மேல்சிறகுகளில் சாய்ந்த வரிசைகளாக வெள்ளைப் பொட்டுகள். கால்கள் குட்டை, ஆனால் தடிப்பு. காய்ந்த கொடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் பட்டையில் ஒரு முடிச்சு மாதிரிதான் தெரியும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு கீழே விழும். விழுந்த இடத்தில் செத்தது போலக் கிடக்கும். பாதிப் பேர் அதைத் தவறவிடுவது அந்தச் சமயத்தில்தான்.

கொம்பு உடம்பைவிடக் குட்டையாக இருக்கிறது. இதைப் போய் நீள்கொம்பு வண்டு என்றால் எப்படி?

நியாயமான கேள்வி. கொம்பு என்று இங்கே சொல்வது தலையிலிருந்து நீளும் உணர்கொம்பை. மாமரத்தைத் துளைக்கும் பெரிய வண்டைப் பார்த்தவர்களுக்கு நீள்கொம்பு என்றால் உடம்பைத் தாண்டி நீளும் கொம்புதான் மனதில் வரும். அபோமெசினாவின் கொம்பு உடம்பின் கடைசி வரைகூட எட்டாது. ஆனாலும் இது செராம்பிசிடே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் குடும்பத்தை முடிவு செய்வது கொம்பின் நீளம் மட்டும் இல்லை.

ஒரு பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு முதலில் கண்ணைப் பாருங்கள். கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றி வளைந்து, அவரை விதை போலக் குழிந்திருக்கும். அடுத்து பாதம். எண்ணினால் நான்கு கணு போலத் தெரியும். உண்மையில் ஐந்து உண்டு. மூன்றாவது கணு இரண்டு மடலாகப் பிளந்து விரிந்திருப்பதால், அதன் இடுக்கில் ஒளிந்திருக்கும் நான்காவது குட்டிக் கணு கண்ணுக்குப் படுவதில்லை. மூன்றாவது அடையாளம், கொம்பை முதுகின் மேல் பின்னுக்கு மடக்க முடிவது. உயிருள்ள வண்டாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. விரலில் பிடித்துக் காதருகே கொண்டுபோனால் பல நீள்கொம்புகள் 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம் போடும். கழுத்துக்கவசத்தை, அதாவது தலைக்கும் சிறகுக்கும் நடுவில் முதுகை மூடும் ஓட்டை, அதன் அடியில் இருக்கும் அரம் போன்ற பகுதியில் உரசுவதால் வரும் சத்தம் அது.

அபோமெசினாவின் கொம்பிலேயே இன்னொரு அடையாளம் இருக்கிறது. மொத்தம் 11 கணுக்களில் மூன்றாவதும் நான்காவதும் நன்றாக நீண்டிருக்கும். ஐந்தாவதிலிருந்து சட்டென்று குட்டையாகிவிடும். கொம்பு மொத்தமும் குட்டையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். வெள்ளைப் பொட்டைப் பார்ப்பதற்கு முன்பு இந்தக் கணுக்களைப் பார்க்கச் சொல்லி நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறைதான்.

குடும்பம் சரி. துணைக்குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மாட்டின் முகம் போல நேர்க்குத்தாகக் கீழே இறங்கினால் லாமியினே. முன்னால் சாய்ந்து நீண்டிருந்தால் பெரும்பாலும் செராம்பிசினே. கழுத்துக்கவசத்தின் ஓரம் பலகை விளிம்பு போலக் கூர்மையாகி, பற்களும் இருந்தால் பிரியோனினே. அது பெரும்பாலும் பெரிய, பழுப்பு நிற வண்டாக இருக்கும்.

சந்தேகம் வந்தால் வாயருகே தொங்கும் குட்டி உணர்விரலின் கடைசிக் கணுவைப் பாருங்கள். லாமியினேவில் அது ஊசி முனை போலக் குவியும். செராம்பிசினேவில் வெட்டிவிட்டது போல மழுங்கியிருக்கும். லாமியினேவின் முன்காலில் உள்பக்கமாக ஒரு சாய்ந்த பள்ளமும் உண்டு. வண்டு தன் கொம்பைத் துடைத்துக்கொள்ளும் இடம் அது. அபோமெசினா லாமியினேவைச் சேர்ந்தது.

கொல்லையில் எங்கே தேட வேண்டும்?

இலையில் தேடாதீர்கள், தண்டில் தேடுங்கள். பந்தல் காய்த்து ஓய்ந்து, கொடி பழுக்கத் தொடங்கும் சமயம் நல்ல சமயம். கொள்ளிடப் படுகையில் பரங்கியும் சுரையும் படர்ந்து கிடக்கும் இடங்களில், தரையோடு ஒட்டிய தடித்த தண்டைக் கணுக் கணுவாகத் தடவிப் பாருங்கள். எங்கேயாவது பிசின் போலக் கசிந்து உறைந்திருந்தால் அங்கே நிறுத்துங்கள். வேலியோரம் படரும் கோவைக்கொடியையும் விடாதீர்கள். மருந்தே படாத கொடி அது. பயிர் இல்லாத மாதங்களிலும் வேலியில் இருக்கும்.

தண்டைப் பிளந்ததும் புழு இருந்தால் உடனே அபோமெசினா என்று எழுதிவிடக் கூடாது. கொடித்தண்டுக்குள் குறைந்தது மூன்று வகைப் பூச்சிகள் குடியிருக்கும்.

கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சி ஒன்று புடலைத் தண்டைத் துளைக்கும். மெலிட்டியா என்பது அதன் பேரினம். அதன் புழுவுக்குக் கால்கள் உண்டு, ஊர்ந்து நடக்கும். இரண்டாவது, கொசு அளவே உள்ள நியோலேசியோப்டெரா என்ற ஈ. இதன் புழு இருக்கும் தண்டு, கணுவுக்குக் கணு நடுவில் விரல் போல வீங்கிவிடும். நீள்கொம்பின் புழு இந்த இரண்டையும் போல இருக்காது. காலே கிடையாது. வெண்ணெய் நிறம். தலைக்குப் பின்னால் உள்ள முன்பகுதி அகன்று, பின்னால் போகப் போக ஒடுங்கும். தலை சின்னதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், தாடை மட்டும் கறுப்பாக வெளியே தெரியும். தின்று வந்த வழி முழுக்கத் தூளும் நாரும் அடைத்திருக்கும்.

பரங்கி இலையை ஓட்டை போடும் செம்மஞ்சள் வண்டுதானே இது?

இல்லை. அது பூசணி வண்டு, அவுலகோஃபோரா பேரினம், இலைவண்டுக் குடும்பம். ஒரே பந்தலில் இரண்டும் இருக்கும், அவ்வளவுதான். இலைவண்டுகளும் நீள்கொம்புகளும் நெருங்கிய உறவு என்பதால் பாதக் கணு இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். அங்கே குழம்பிவிடாதீர்கள்.

இந்தப் பெயரை யார் வைத்தது? நம் பகுதிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் (1745–1808), உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். 1787-ல் வெளிவந்த 'மான்டிஸா இன்செக்டோரம்' நூலில் அவர் ஒரு வண்டுக்கு லாமியா சால்டேட்டர் என்று பெயரிட்டார். லத்தீனில் சால்டேட்டர் என்றால் ஆடுபவன். சில ஆண்டுகள் கழித்து இன்னொன்றுக்கு ஹிஸ்ட்ரியோ என்று பெயர் வைத்தார். அதற்கு நடிகன் என்று பொருள். அன்றைக்கு லாமியா என்ற ஒரே பேரினத்துக்குள் இப்படிப்பட்ட வண்டுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. இந்த இரண்டும் இன்று இருக்கும் அபோமெசினா என்ற தனிப் பேரினப் பெயர் பிறகு வந்தது. 1821-ல் தன் வண்டுச் சேகரிப்பின் பட்டியலில் அதைக் கொடுத்தவர் டெஜான், நெப்போலியனின் படையில் தளபதியாக இருந்தவர்.

சரி, நம் பகுதி எங்கே வருகிறது? தரங்கம்பாடியில். 1620 முதல் 1845 வரை அது டேனிஷ்காரர்களின் துறைமுகம். லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் அங்கே மருத்துவராக வந்து, செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' அவர்தான். அவருக்குப் பின் வந்த டால்டோர்ஃப் என்ற லெப்டினன்ட் தரங்கம்பாடியில் பூச்சி சேகரித்தார். பனைமரத்தில் ஏறிய மீனை 1791-ல் பார்த்ததாகச் சொன்னவரும் இவரே. நம் பனையேறிக் கெண்டை 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் இடம்பெற்றது அவர் எழுதியதால்தான். ஃபாப்ரிசியஸின் நூல்களைப் புரட்டினால் பூச்சிக்குப் பூச்சி 'டிராங்குபாரியே' என்று தரங்கம்பாடியின் லத்தீன் பெயர் நிற்கும். பூச்சி அறிவியல் பிறந்து தவழ்ந்த காலத்திலேயே காவிரிக் கழிமுகத்துப் பூச்சிகள் கோபன்ஹேகனுக்கும், ஜெர்மனியில் இருக்கும் கீல் நகருக்கும் கப்பல் ஏறிவிட்டன. ஃபாப்ரிசியஸ் பெயரிட்ட மாதிரிகளில் பெரும்பகுதி இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் இந்திய நீள்கொம்புகளுக்கு நல்ல கையேடு இருந்திருக்க வேண்டுமே?

பாதிக்குத்தான் இருக்கிறது. சார்லஸ் ஜோசப் கேஹன் 1906-ல் எழுதிய, பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் வந்த தொகுதி இன்றும் பயன்படுகிறது. பிரியோனினே, செராம்பிசினே எல்லாம் அதில் உண்டு, லாமியினே மட்டும் இல்லை. அதற்கென்று அந்த வரிசையில் அடுத்த தொகுதி வரவே இல்லை. நீள்கொம்புக் குடும்பத்திலேயே மிகப் பெரிய துணைக்குடும்பம் அதுதான்.

பிறகு ஆஸ்திரியாவில் பிறந்த ஸ்டெஃபான் வான் பிராய்னிங் தன் வாழ்நாளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட லாமியினே வகைகளுக்குப் பெயர் வைத்தார். பல விவரிப்புகள் சில வரிகளே நீளம், படம் கிடையாது. படத்தோடும் அடையாளத் திறவுகோலோடும் வரும் நூல் ஒன்று கையில் இல்லாமல், சிதறிய கட்டுரைகளை வைத்துக்கொண்டு நம் கொல்லை வண்டைப் பெயரிட வேண்டியிருக்கிறது. சுரைக்கொடியை வாட்டும் ஒரு சாதாரண வண்டு இவ்வளவு அறியப்படாமல் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

என் கையில் இருப்பது சால்டேட்டரா, ஹிஸ்ட்ரியோவா?

பொட்டின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லாதீர்கள். அந்த வெள்ளைப் பொட்டுகள் தோலின் நிறம் இல்லை, நெருக்கமாகப் படிந்த மெல்லிய ரோமம். தண்டுக்குள்ளிருந்து உரசிக்கொண்டு வெளியே வரும்போதும், வெயிலில் பழகப் பழகவும் அது தேய்ந்து உதிரும். புதிதாக வந்த வண்டில் பளிச்சென்று இருக்கும் வரிசை, வயதான வண்டில் பாதியாகக் குறையலாம். நானே ஒரு பெட்டியில் மூன்று 'இனங்கள்' என்று பிரித்து வைத்திருந்தேன். லென்ஸில் பார்த்தபோது, ரோமம் உதிர்ந்த இடங்களில் புள்ளிக்குழிகள், அதாவது சிறகு ஓட்டில் ஊசி குத்தியது போன்ற சின்னக் குழிகள், மட்டும் அப்படியே இருந்தன. மூன்றும் ஒன்றுதான். அன்றிலிருந்து ரோமத்தை நம்புவதை விட்டுவிட்டேன்.

உதிராதவற்றைப் பாருங்கள்: மேல்சிறகின் நுனி எப்படி முடிகிறது, சரிவாக வெட்டியது போலவா, உருண்டையாகவா, புள்ளிக்குழிகள் எப்படி வரிசை கட்டுகின்றன, கொம்புக் கணுக்களின் நீள விகிதம். கழுத்துக்கவசத்தின் பக்கத்தில் முள் இருக்கிறதா என்றும் பாருங்கள், அபோமெசினாவில் இருக்காது. இதையெல்லாம் எழுதி வைத்த பிறகும் சிற்றினம் உறுதியாகவில்லை என்றால், பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். 'அபோமெசினா, சிற்றினம் உறுதியாகவில்லை' என்று எழுதிய சீட்டை நாளைக்கு வருபவர் சரிசெய்ய முடியும். துணிந்து எழுதிய தப்பான சிற்றினப் பெயர் பட்டியலுக்குப் பட்டியல் தாவிக்கொண்டே போகும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பேரினமே தப்பாகப் போக வாய்ப்பு உண்டா?

உண்டு. சைப்ரா, ரோபிக்கா என்று சின்னதாக, பழுப்பாக, அருகருகே வைக்கப்படும் பேரினங்கள் இருக்கின்றன. அவை காய்ந்த சுள்ளிகளில் அதிகம் கிடைக்கும். பூசணிக் குடும்பக் கொடியின் தண்டிலிருந்து நீங்களே வளர்த்து எடுத்தது என்றால் அபோமெசினா என்ற ஊகம் வலுப்படும். இரவு விளக்கில் வந்து விழுந்தது என்றால் அந்தத் துணை கிடையாது, கொம்புக் கணுவைத்தான் நம்ப வேண்டும்.

டெல்டாவில் வேறு எந்த நீள்கொம்புகளைப் பார்க்கலாம்?

மாவில் படோசெரா ரூஃபோமாகுலேட்டா. இரண்டு அங்குலம் வரை வளரும், கழுத்துக்கவசத்தில் இரண்டு செம்மஞ்சள் திட்டு, பக்கத்துக்கு ஒரு முள், நடுவில் வெள்ளை முக்கோணம். பலாவிலும் அத்தியிலும்கூட வரும். கருவேலத்தின் வேரைக் குடைவது செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர், மண் நிறம். வாகையில் சிஸ்ட்ரோசெரா குளோபோசா, செம்பழுப்பு உடம்பில் சிறகுக்கு ஒரு நீலப்பச்சைக் கோடு மின்னும். ஆல், அத்தி, பலா மரங்களில் மெலிந்த ஒலினிகாம்டஸ் கிடைக்கும், அதுவும் வெள்ளைப் பொட்டு உள்ளதுதான், ஆனால் கொம்பு உடம்பைவிட மிக நீளம். பழைய வீட்டு உத்திரத்திலிருந்தும் கட்டில் காலிலிருந்தும் மாவு போல உதிர்வது தெரிந்தால் ஸ்ட்ரோமேட்டியம் பார்படமாக இருக்கலாம். அது காய்ந்த மரத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழும்.

கடற்கரை மணலில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு முந்திரி வேர்த்துளைப்பானைத் தெரியும். பழைய விவசாயப் புத்தகங்களில் அதன் பெயர் பிளோசேடெரஸ் ஃபெருஜினியஸ். இப்போது நியோபிளோசேடெரஸ். இத்தாலிய ஆய்வாளர் ஸாமா 1991-ல் வைத்த பேரினப் பெயர் அது. வண்டு மாறவில்லை, அதை வைக்கும் அறை மாறியது. பெயர் தேடும்போது பழையதையும் புதியதையும் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

பொன்வண்டு இந்தக் குடும்பம் இல்லை.

போனில் படம் எடுத்து ஆப்பில் போட்டால் பெயர் வந்துவிடுமே?

போடுங்கள், அது நல்ல பதிவு. ஆனால் முதுகுப் படம் ஒன்று மட்டும் போட்டால் பெரும்பாலும் 'லாமியினே' என்ற அளவோடு நின்றுவிடும், இல்லையென்றால் அதிகம் படம் கிடைக்கும் ஏதோ ஒரு பெயரை ஆப் நீட்டும். ஐந்து படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம் நேராக, கொம்பு முழுவதும் கணு தெரியும்படி, சிறகின் நுனி. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். கொடியின் இலையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வளர்த்துப் பார்க்கலாமா?

அதுதான் சிறந்த வழி. புழு இருக்கும் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டுங்கள். தண்டு அழுகவும் கூடாது, முறுகிக் காயவும் கூடாது. அடியில் கொஞ்சம் மணல் போட்டு எப்போதாவது தண்ணீர் தெளித்தால் போதும். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும். ஒருமுறை ஒரு பருவத்து வண்டுகள் முழுவதையும் எனக்கு எறும்பு தின்றுவிட்டது. கொம்பும் சிறகும் மட்டும் மிச்சம்.

மாதிரியை எப்படிப் பத்திரப்படுத்துவது?

வண்டைக் குத்தி வைப்பதானால் வலது மேல்சிறகின் மேல்பகுதியில் ஊசி இறங்க வேண்டும். இவ்வளவு சின்ன வண்டை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டுவது இன்னும் நல்லது. புழுவை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் தூய ஆல்கஹாலில் ஊறவைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.

சீட்டு இல்லாத வண்டு வெறும் அலங்காரம். ஊர், வட்டம், நாள், எந்தக் கொடி, தண்டின் எந்தப் பகுதி, யார் எடுத்தது, இவை அனைத்தும் அதே ஊசியில் தொங்க வேண்டும். நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நோட்டும் பெட்டியும் பிரிந்துபோவது எப்போதும் நடக்கும். பென்சில் அல்லது நீரில் கரையாத மையால் எழுதுங்கள்.

டிஎன்ஏ பார்த்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். வழக்கமாகப் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. உங்கள் வண்டின் துண்டை ஒப்பிட, சரியாகப் பெயரிடப்பட்ட வண்டின் துண்டு ஏற்கெனவே பொதுத் தளத்தில் இருக்க வேண்டும். அங்கே இருப்பது தப்பான பெயரில் பதிவாகியிருந்தால் உங்களுக்கும் அதே தப்பு வரும். அதனால்தான் டிஎன்ஏ எடுத்த வண்டின் உடம்பையும் தூக்கிப்போடக் கூடாது என்கிறார்கள்.

பிடிப்பதற்கு அனுமதி வேண்டுமா?

உங்கள் கொல்லையில், உங்கள் சுரைக்கொடியில் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். கோடியக்கரை போன்ற சரணாலயங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002 அதற்கு முன்னனுமதி கேட்கிறது. புதிய சிற்றினம் என்று விவரித்தால், அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகம் ஒன்றில் சேர்ப்பதும் அதே சட்டத்தின்படி கட்டாயம்.

கடிக்குமா?

விரலைத் தாடையில் கொடுத்தால் கிள்ளும். விஷம் இல்லை. படோசெராவை மட்டும் கொம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அதன் தாடை பட்டையையே கடிக்கும்.

கொடி வாடுகிறது, என்ன செய்ய?

புழு தண்டுக்குள் இருப்பதால் இலைமேல் அடிக்கும் மருந்து அதைத் தொடுவது கடினம். பாதிக்கப்பட்ட தண்டை வெட்டி எடுத்து அழியுங்கள். முக்கியமாக, காய்ப்பு ஓய்ந்த பழைய கொடியைப் பந்தலிலேயே காய விடாதீர்கள், அடுத்த தலைமுறை அதற்குள்தான் இருக்கிறது. அழிப்பதற்கு முன் இரண்டு தண்டை எனக்காக டப்பாவில் போட்டு வைத்தால் சந்தோஷப்படுவேன்.

பெயர் உறுதி செய்ய யாரிடம் போவது?

அருகில் என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பூச்சியியல் துறை. கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம், பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். போகும்போது ஒரு வண்டு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரே தண்டிலிருந்து வந்த ஐந்தாறு வண்டு, ஆல்கஹாலில் ஒரு புழு, சீட்டு, காய்ந்த தண்டின் ஒரு துண்டு, இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். ஆணும் பெண்ணும் கலந்து இருந்தால் பார்ப்பவருக்கு வேலை எளிது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் பஞ்சு அடைத்து அனுப்புங்கள். கொம்பு உடைந்து போய்ச் சேர்ந்தால் மூன்றாவது கணுவையும் நான்காவது கணுவையும் அளக்க முடியாது.